ஒரு சாக்கு மல்லாட்டைத் தோல்

அடி அண்ணாமலை
15-2-1981

அன்புத் தம்பி காசிக்கு அக்கா பாஞ்சாலை எழுதுவது. நானும் மாமாவும் குழந்தை உண்ணாமலையும் அண்ணாமலையார் தயவில் நன்றாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? பட்டறைப் புகையில் நின்றுகொண்டு பீடியும் பிடித்தால் இருமல் எப்படிப் போகும் என்று மாமா கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. பொங்கல் கழிந்ததிலிருந்து நான் மில்லுக்குப் போகிறேன். நம் ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் கோதண்டராமன் முதலாளி மல்லாட்டை உடைக்கிற மில் வைத்திருக்கிறார் இல்லையா, அங்கேதான். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. இயந்திரம் உடைத்துத் தள்ளும். நாங்கள் பதினோரு பேர் தரையில் குந்தி, பருப்பில் சொத்தையும் கல்லும் பொறுக்குவோம். முட்டி கழன்று போகிறது. கூலியும் கம்மி. ஆனாலும் விடமாட்டேன். ஏன் தெரியுமா? சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு சாக்குத் தோல் அள்ளிக்கொள்ளலாம். மில் ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கமாம். முதலாளிக்கு அது குப்பை, எனக்கு அது அடுப்பு.

தகர டின்னில் தோலைக் கெட்டித்து, நடுவில் ஓட்டை விட்டுப் பற்றவைத்தால் நின்று எரிகிறது காசி. ஒரு டின்னில் சோறும் குழம்பும் ஆகிவிடுகிறது. மூன்று வாரமாக நான் விறகுக்கு மலைக்குப் போகவில்லை.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன். அம்மா விறகுக் கட்டோடு மலையில் உருண்டபோது உனக்குப் பத்து வயசு. இடுப்பொடிந்து இரண்டு வருஷம் கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள். நீ மெட்ராஸ் போனதிலிருந்து ‘மலைக்குப் போகாதே அக்கா’ என்று எழுதாத கடிதம் இல்லை. போகாவிட்டால் சோறு எப்படி வேகும் என்று நான் மனசுக்குள் உன்னைத் திட்டாத நாளும் இல்லை. இனி திட்ட மாட்டேன்.

மலையைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ஓட்டலுக்கும் சத்திரத்துக்கும் விறகு வண்டி ஓயாமல் போகிறது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடுகள் பெருகிவிட்டன, அங்கே வெந்நீருக்கும் விறகுதான். வேரைக்கூடத் தோண்டுகிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா,
பாஞ்சாலை

*

அம்பத்தூர்
9-3-1981

அன்புள்ள அக்காவுக்கு, காசியின் வணக்கம். மாமாவையும் உண்ணாமலையையும் கேட்டதாகச் சொல். இருமல் நின்றுவிட்டது. பீடி நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ மலைக்குப் போகவில்லை என்ற வரியை மட்டும் தனியாக நாலாவது தரமும் படித்தேன். அப்புறம் ராத்திரி ஷிப்டில் நிற்கும்போது அந்த டின் அடுப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டின் தோல் ஒரு வீட்டுக்குச் சோறு வேகவைக்கும் என்றால், ஒரு ஓட்டலுக்கு ஏன் முடியாது? அடியில் இரும்புக் கம்பித் தட்டு, மேலிருந்து தோல் தானாக விழ ஒரு கூம்பு, காற்றுக்கு ஒரு சின்ன விசிறி. சிலேட்டில் வரைந்து எங்கள் போர்மனிடம் காட்டினேன். மல்லாட்டை என்றதும் சிரித்தார். இங்கே வேர்க்கடலை என்று சொல்ல வேண்டுமாம். சிரித்துவிட்டு, “செஞ்சு பாருடா” என்றார்.

மலையில் மரம் வெட்டாதே என்று பாரஸ்ட்காரர்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் வெட்ட ஆள் இருப்பான். அதே ஓட்டல்காரனுக்கு விறகைவிடத் தோல் மலிவு என்று காட்டிவிட்டால், போர்டும் வேண்டாம், காவலும் வேண்டாம், அவனே விறகு வண்டியைத் திருப்பி அனுப்புவான். குப்பைக்கு ஒரு விலை வந்தால் மலை தப்பிக்கும் அக்கா. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மில்லில் ஒரு நாளைக்கு எவ்வளவு தோல் விழுகிறது, அதை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் தம்பி,
காசி

*

அடி அண்ணாமலை
3-5-1981

தம்பி காசிக்கு அக்காவின் ஆசிகள். வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறையில்லை. உனக்கு அம்மை கிம்மை வராமல் நீர்மோர் குடி.

இன்ஜினியர் துரை கேட்டபடி விசாரித்தேன். முதலாளியிடமே போய் நின்றேன். “ஒன் தம்பிக்கு வேணும்னா மொத்தத்தையும் அள்ளிக்கினு போவச் சொல்லு, எனக்கு எடம் மிச்சம்” என்றார். மில்லுக்குப் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கிறது. நாங்கள் பதினோரு பேர் ஆளுக்கொரு சாக்கு எடுத்தது போக மீதியை ஏரிக்கரையில் கொட்டி நெருப்பு வைத்துவிடுகிறார்கள். நான் சொல்வது சரியா என்று ராஜம்மாளையும் கேட்டேன். அவள்தான் எங்களில் மூத்தவள், பத்து வருஷமாகப் பொறுக்குகிறாள். ஒரு நாளைக்கு நாற்பது சாக்குக்குக் குறையாது என்கிறாள்.

நீ ஊருக்கு வந்து ஓட்டல்காரர்களிடம் பேசும்போது அந்தக் காக்கி சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே. போஸ்ட்மேன் என்று நினைத்துத் தபால் கேட்பார்கள். வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொள்.

பாஞ்சாலை

*

அம்பத்தூர்
14-12-1981

அன்பு அக்காவுக்கு, காசி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முறுக்கு விழுப்புரத்திலேயே தீர்ந்துவிட்டது.

தீபத்துக்கு முந்தின நாள் தேரடி ஓட்டலில் முதல் அடுப்பைப் பற்றவைத்தபோது நீ கூட்டத்துக்குப் பின்னால் நின்றாய். பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. அடுத்த நாள் சாயங்காலம் உச்சியில் தீபம் தெரிந்தபோது கும்பிட்டுக்கொண்டு, இனி இந்த மலையில் எங்கள் வீட்டுப் பெண் யாரும் விறகுக்கு ஏற வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு ஓட்டல், ஒரு பேக்கரி, ஒரு சத்திரம். நாலு இடத்திலும் தோல் அடுப்பு. கோதண்டராமன் முதலாளி தோலுக்கு விலை கட்டிவிட்டார். வருஷக் குத்தகைக்கு ஒரு காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டார். ஏரிக்கரையில் கொட்டி எரித்த சாமானுக்குப் போட்டி நடக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல்.

பொங்கலுக்கு உண்ணாமலைக்குப் பாவாடைத் துணி அனுப்புகிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

காசி

*

அடி அண்ணாமலை
24-1-1982

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. பாவாடைத் துணி வந்தது. உண்ணாமலை அதைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறாள். எல்லாரும் சுகம். மாமாவுக்குத்தான் வண்டி ஓட்டி ஓட்டி முதுகுவலி.

உன் அடுப்புகள் நன்றாக எரிகின்றன. தேரடி ஓட்டல்காரர் விறகு வண்டியைத் திருப்பி அனுப்பினாராம். வண்டிக்காரன் அவரைத் திட்டிக்கொண்டே போனதை மாமா பார்த்தார். நீ சொன்னபடியே நடந்தது. நான் அதை எல்லாரிடமும் சொன்னேன்.

மில்லில் தோலுக்குக் கொட்டகை போட்டுவிட்டார்கள். கதவு வைத்துப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். நேற்றுவரை காலில் மிதிபட்டதுக்கு இன்றைக்கு அவ்வளவு மரியாதை. சாவி முதலாளியின் இடுப்பில் தொங்குகிறது. ராஜம்மாள் அதைப் பார்த்து, “நம்ம தாலிய விட அது கெட்டியா இருக்குது” என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. எப்படியோ அடுப்பு எரிகிறது. பனி ஜாஸ்தி, மப்ளர் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா பாஞ்சாலை

*

அம்பத்தூர்
11-4-1982

அன்புள்ள அக்காவுக்கு, நலம், உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். வருஷப் பிறப்புக்கு வர முடியவில்லை, கோபிக்காதே.

கம்பெனியில் என்னைச் சார்ஜ்மேன் ஆக்கிவிட்டார்கள். தோல் அடுப்புக்கு என்று தனியாக ஒரு மூலை கொடுத்து, மூன்று பேரை என் கீழே போட்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். மேனேஜர் கைகுலுக்கினார் அக்கா. என் கை முழுக்க கிரீஸ், அவர் பார்க்கவேயில்லை.

தோல் விலை இரண்டு மடங்கு ஏறிவிட்டதாகக் காண்ட்ராக்டர் குறைப்பட்டு எழுதியிருந்தார். நல்லதுதானே? விலை ஏறினால்தான் ஒருவனும் அதைக் கொட்டி எரிக்க மாட்டான், ஒரு துளி வீணாகாது. காண்ட்ராக்டருக்கு அப்படியே பதில் எழுதினேன்.

எனக்கு ஒரு ஆசை. விறகு வண்டி கம்மியான பிறகு மலை எப்படி இருக்கிறது? செடி ஏதாவது தலை தூக்கியிருக்கிறதா? மலைப்பக்கம் மாடு மேய்க்கப் போகிறவர்கள் யாரையாவது கேட்டு எழுது. மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
காசி

*

அடி அண்ணாமலை
20-6-1982

தம்பி காசிக்கு அக்காவின் அன்பு. சார்ஜ்மேன் ஆனதற்கு அம்மன் கோயிலில் சூடம் ஏற்றினேன். எங்கள் எல்லாருக்கும் சுகமே. எனக்குக் கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெயில் சூடுதான்.

மலையைப் பற்றிக் கேட்டாய். கேட்டவர்கள் சொன்னதை எழுதுகிறேன். நம் பக்கத்துச் சரிவில் பச்சை வந்திருக்கிறது. பெரிய பாறைக்கு மேலே வேம்பு இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, எண்ணினால் இருபதுக்குக் குறையாது. ஆவாரை எங்கும் பூத்திருக்கிறது. ஓடைப் பள்ளத்தில் இரண்டு ஆலங்கன்று பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலே போனால் செங்குத்து, கால் வைக்கிற இடமெல்லாம் சரளை. விடியற்காலையில் பனித்தண்ணீர் பட்டு வழுக்கும். காய்ந்த கட்டை அந்த உயரத்தில்தான் கிடைக்கிறது. கீழே எல்லாம் இளசு, அரிவாள் வைக்க மனசு வராது.

அதாவது, போகிறவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

உன் மேனேஜரிடம் சொல், மலை பிழைத்துக்கொண்டது என்று. நிஜமாகவே நன்றாக இருக்கிறது. பீடியை விடு.

பாஞ்சாலை

*

அடி அண்ணாமலை
26-9-1982

மைத்துனர் காசிக்குச் சக்கரவர்த்தி எழுதும் கார்டு. நீ போட்ட இரண்டு கடிதமும் ஒரு கார்டும் வந்து சேர்ந்தன. உன் அக்காவுக்கு ஆடி மாசத்திலிருந்து கொஞ்சம் காய்ச்சல். இப்போது தேவலை. எழுத உட்கார முடியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று அவளே சொல்கிறாள். தீபத்துக்கு வந்தால் போதும். உண்ணாமலை நன்றாகப் படிக்கிறாள்.

சக்கரவர்த்தி

*

அம்பத்தூர்
8-12-1982

அக்கா,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் வாசலுக்கு வந்தபோது நீ கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். மாட்டுக் கொட்டகையில் சறுக்கி விழுந்தேன் என்றாய். கேசரி கிண்டினாய். வலது காலை நீட்டியே வைத்துக்கொண்டு, மடக்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து எனக்கு இலை போட்டாய். உங்களுக்கு மாடே இல்லையே அக்கா, எந்தக் கொட்டகை? மாமா ஓட்டுகிற வண்டியும் மாடும் வேறு ஆளுடையதுதானே? இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது ராஜம்மாள் வந்தாள். அவள்தான் சொன்னாள். “நீ வச்ச அடுப்பாலதான் எங்க அடுப்பு அவிஞ்சிபோச்சு. ஒங்க அக்கா யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்க அத்தன பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினா” என்றாள். காண்ட்ராக்டர் வந்த வாரமே சாக்கு நின்றுபோனதாம். வாரத்துக்கு மூன்று நாள் மில்லுக்குப் போகுமுன் இருட்டோடு நீங்கள் எல்லாரும் மலையேறினீர்களாம். ஆடி மழையில் நீ விறகுக் கட்டோடு விழுந்து, தொடை எலும்பு முறிந்து, முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம். அந்த முப்பத்தெட்டு நாளும் நான் இங்கே அடுப்பு செய்துகொண்டிருந்தேன்.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு சாக்கு என்று நீ எழுதியிருக்கிறாய். இரண்டாவது கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். நாலு தரம் படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. எரிகிறது என்பது மட்டும்தான் பட்டது. அம்மாவை விழுங்கின மலையில் உன்னை நானே ஏற்றிவிட்டேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

காசி

*

அடி அண்ணாமலை
13-2-1983

தம்பி காசிக்கு அக்கா எழுதுவது. காலில் வீக்கம் வடிந்துவிட்டது. மாமாவும் குழந்தையும் சுகம். தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

திட்டச் சொன்னாய். கோபமே இல்லை என்று முதலில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கால் தொங்கக் கிடந்தபோது உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரி, யாரம்மா அந்தப் பாவி என்று கேட்டாள். என் தம்பி என்றேன். உடனே அழுகை வந்துவிட்டது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அந்த முதல் அடுப்பு பற்றினபோது உன் முகத்தைப் பார்த்தேன். அம்மா போனதிலிருந்து உன்னை நான்தான் வளர்த்தேன். அப்படி ஒரு முகம் உனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அது என் தப்பு. எனக்குக் கால் போனதில் உன் பங்கு எவ்வளவோ என் பங்கும் அவ்வளவு.

உன் அடுப்பு தப்பு இல்லை காசி. விறகு வண்டி கம்மியானது நிஜம், மலையில் பச்சை வந்தது நிஜம். ஆனால் நீ குப்பைக்கு விலை வைத்ததாக எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது குப்பையாக எப்போது இருந்தது? நாள் முழுக்க முட்டி தேயக் குந்தினோமே, கம்மிக் கூலிக்கு வாயை மூடிக்கொண்டு வந்தோமே, அதுதான் நாங்கள் அந்தச் சாக்குக்குக் கொடுத்த விலை. எங்கள் சாமானை எடுத்து விற்றிருக்கிறீர்கள். முதலாளிக்கும் அது தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. எங்களுக்கே கூடக் கதவு பூட்டின பிறகுதான் தெரிந்தது.

இனி தாமதத்தின் காரணம். ராஜம்மாள் முதலாளியிடம் போய்ச் சாக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். “வெல போற சாமான எவனாவது சும்மா குடுப்பானா?” என்றார். மறுநாள் பத்துப் பேரும் வேலைக்கு வந்தார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் கோலை ஊன்றிக்கொண்டு போனேன். உட்கார முடியாது, மரத்தில் சாய்ந்து நின்றேன். இது மல்லாட்டை வந்து குவிகிற மாசம். பொறுக்காத பருப்பை எண்ணெய்க்காரன் பாதி விலைக்குக் கேட்டான். நாலாவது நாள் முதலாளி வெளியே வந்து ராஜம்மாளைக் கூப்பிட்டார். கூலியோடு ஆளுக்கு ஒரு சாக்கு, இனி அது வழக்கம் இல்லை, கூலிதான் என்று பேசி முடித்தார்கள். சாக்கு கழித்துத்தான் காண்ட்ராக்டருக்கு.

எங்களைப் பார்த்து அவர் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். கெட்ட மனுஷர் இல்லை.

இனி எதையும் மறைக்க மாட்டேன். நீயும் மறைக்காதே.

பாஞ்சாலை

*

அம்பத்தூர்
20-3-1983

அன்புள்ள அக்காவுக்கு, காசியின் நமஸ்காரம். உன் கடிதத்தைப் பட்டறையில் என் மூன்று பேருக்கும் படித்துக் காட்டினேன். திட்டின பாகத்தையும் சேர்த்துத்தான் படித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். போளூர், ஆரணி பக்கத்து மில்களில் தோல் எடுத்துப் பன்னிரண்டு அடுப்பு போட ஆர்டர் வந்திருக்கிறது. சித்திரையில் நான் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். போக மனசில்லை. ஆனால் நான் போகாவிட்டால் வேறு ஒருத்தன் போவான், அவனுக்கு உன்னைப் போல ஒரு அக்கா இருக்க மாட்டாள். போடாமலே விட்டுவிட்டால் அந்த ஊர் ஓட்டல்கள் ஜவ்வாது மலையை எரிக்கும். எனக்கு ராத்தூக்கம் இல்லை. போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நாற்பது ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். மாசா மாசம் அனுப்புவேன். அதில் தோல் வாங்கிக்கொள். உனக்கும் மில்லில் சாக்கு கிடைக்கும்தான், இருந்தாலும் கூட இருக்கட்டும்.

உன் தம்பி,
காசி

*

அடி அண்ணாமலை
17-4-1983, ஞாயிறு

தம்பி காசிக்கு அக்காவின் ஆசிகள். வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி செய்தேன். மாமாவுக்கு முதுகு தேவலை. நீ இளைத்துவிட்டதாக மெட்ராஸில் உன்னைப் பார்த்தவர் சொன்னார். தூங்கு, சாப்பிடு.

போளூருக்குப் போ. அடுப்பைப் போடு. போடாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்த இடுப்பளவு வேம்பை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் கையெழுத்து வாங்குமுன் ஒரு வேலை செய். சாயங்காலம் மில் விடுகிற நேரத்தில் வாசலில் போய் ஒரு மணி நேரம் நில். யார் யார் சாக்கோடு வெளியே வருகிறார்கள் என்று பார். அவர்களிடம் பேசு. முதலாளியிடம் அப்புறம் பேசலாம். உன் பேப்பரில் முதல் வரியாக அவர்கள் சாக்கை எழுது. இரண்டாவது வரியாக, வந்து கேட்கிறவர்களுக்குச் சாக்குக் கணக்கில் விற்க வேண்டும் என்று எழுது. காண்ட்ராக்டரின் லாரிக் கணக்கெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

இரண்டாவது வரி எதற்கு என்று சொல்கிறேன், மறைக்க மாட்டேன் என்று எழுதினேன் அல்லவா. என் கால் மடங்காது காசி. மடக்கிக் குந்தினால்தான் பருப்பு பொறுக்க முடியும். ராஜம்மாள் ஒரு பலகை போட்டு உட்கார வைத்துப் பார்த்தாள், முதலாளியும் பொறுமையாகத்தான் பார்த்தார். இரண்டு நாள், அவ்வளவுதான். இப்போது நான் மில்லில் இல்லை. சாக்கு கூலியோடு சேர்ந்துவிட்டதால், கூலி இல்லாதவளுக்குச் சாக்கும் இல்லை. நியாயம்தான். நானும்தானே அங்கே நின்று அப்படிக் கேட்டு வாங்கினேன்.

உன் நாற்பது ரூபாய் வந்தது. அதை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டரிடம் போனேன். இரண்டு சாக்குத் தோல் கொடு என்றேன். டிராக்டர் லோடாக எடுத்தால்தான் கொடுப்பாராம், சில்லறை கிடையாதாம். ரேஷனில் மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர், அதுவும் வந்தால். டவுனில் விறகு மண்டிக்கு மாமாவை அனுப்பினேன். அங்கே அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிவிட்டார். எல்லாம் நம் மலை விறகுதான், பச்சை வாடை கூடப் போகவில்லை என்றார். உன் பணத்தைக் கொடுத்து அதை வாங்க எங்களுக்குக் கை வரவில்லை.

ராஜம்மாள் தன் சாக்கிலிருந்து இரண்டு முறம் கொடுக்கிறாள். அவளுக்கும் வீடு இருக்கிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் உண்ணாமலை தெருப் பெண்களோடு மலைக்குப் போகிறாள். நான் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. செங்குத்துக்கு மேலே ஏறக் கூடாது, காய்ந்தது கிடைத்தால் எடு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்று விடியற்காலை போனாள். இப்போது மணி நாலு. வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலை எதிரேதான் இருக்கிறது, ஆனால் இங்கிருந்து ஆள் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது காசி. அவள் வந்த பிறகு இதை ஒட்டுகிறேன்.

மணி ஐந்தரை. வந்துவிட்டாள். கட்டு சின்னதுதான். “காஞ்ச கட்டைதாம்மா, பச்சையா ஒண்ணும் ஒடிக்கல” என்று நான் கேட்காமலே சொன்னாள். அவள் கை கழுவப் போனபோது கட்டைப் பிரித்தேன். அடியில் நாலு வேப்பங்கொம்பு, பச்சையாக, ஈரம் கூட உலராமல் இருந்தது. அதை வெயில் படுகிற பக்கமாகப் பரப்பி வைத்துவிட்டு, அவளுக்குச் சோறு போட்டேன்.

அக்கா,
பாஞ்சாலை